இரண்டு கே.பி. இடம்

"ஏட்டி உலகு, மிஷினு சும்மா கிடந்தா திரை தானா கறுத்துரும். புதுசா ஒண்ணு எழுதிருக்கேன். ரெண்டே கே.பி.தான். பயந்துராத."

"முடிஞ்சிட்டா?"

"பாதிதான். குளிச்சிட்டு வந்து மீதிய எழுதுதேன். சோறு ஆறுமுன்ன வந்துருவேன்."

என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினார். அருவியில் திடீர் வெள்ளம். சோறு ஆறிவிட்டது.

இது 1988 ஜூலை. இதை யாரும் நம்ப வேண்டாம். பட்டப்பகலில் என் கண் முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். லாட்ஜுகளுக்கு பில் அடித்துக் கொடுப்போம். அவர் போன பிறகும் திரை தினமும் கறுத்தது. ஒரு கீயைத் தொட்டால் வெளிச்சம் வரும். முடித்துத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் லாட்ஜ்காரர் அப்துல் ஜப்பார் புது பில் புரோகிராமை ஃப்ளாப்பியில் கொண்டு வந்தார். போட்டேன். மெமரி போதவில்லை என்றது.

"என்ன தங்கச்சி, மிஷினுக்கும் சீசன் லீவா? அஞ்சு மணிக்குள்ள பில்லு வரலேன்னா வேலை திருநெல்வேலிக்குப் போயிரும்."

எனக்கு மிச்சம் இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

மிஷினைப் போட்டதுமே சில சின்ன புரோகிராம்கள் பின்னால் வந்து உட்கார்ந்து, மெமரியில் ஆளுக்கு இத்தனை கே.பி. என்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் அவர் வைத்தது. மூலையில் ஓடும் கடிகாரத்தை எடுத்தேன். போதவில்லை. பிரிண்டருக்குப் போவதை வரிசையில் நிறுத்துவதை எடுத்தேன். போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் அணைத்து, போட்டு, காத்திருந்து... அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. கடைசியில் திரையைக் கறுக்க வைப்பது. அவர் கடைசியாக எழுதியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன்.

அழித்த பிறகும் மெமரியில் அந்த இரண்டு கே.பி. குறைந்தே இருந்தது.

பிளக்கையே பிடுங்கினேன். கரண்ட் போனால் மெமரியில் எதுவும் நிற்காது. அவர் சொல்லிக்கொடுத்ததுதான். வெளியே சாரல். பத்து நிமிஷம் கழித்துப் போட்டேன்.

கர்ர்ர்...

அதே இரண்டு கே.பி.

மணி 4.05. திரை கறுத்தது.

அழித்துவிட்டேனே...

கீயைத் தொடக் கை நீட்டினேன். தொடவில்லை.

டக்.

வெளிச்சம் வந்தது.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கறுத்தது.

டக்.

வந்தது.

பயத்தை மீறி எரிச்சல் வந்துவிட்டது. "ஏங்க, கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன். அஞ்சு மணிக்கு பில்லு குடுக்கணும்."

பக்கத்து நாற்காலி...

கிறீச்.

பில் புரோகிராம் திறந்துகொண்டது.

4.50-க்கு ஜப்பார் அண்ணாச்சி பில்லை வாங்கிக்கொண்டு போனார். வேலை என்னிடமே நின்றது.

அடுத்த மாதம் மெக்கானிக் காஜா வந்து மெமரி சிப் எல்லாவற்றையும் மாற்றினான். அவர் கடைசியாக எழுதியதன் நகல் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. அதையும் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, இது திரையக் கறுக்க மட்டும்தான் செய்யும். கீயத் தொட்டா வெளிச்சம் வர்ற பாகத்த அண்ணன் எழுதவே இல்லயே."

"தினமும் வந்துச்சே, தம்பி."

"வராதுக்கா. அணைச்சுத்தான் போடணும்."

அந்த மிஷினை நான் விற்கவில்லை. எப்போதாவது போட்டுப் பார்ப்பேன். புது சிப்பிலும் அதே இரண்டு கே.பி. குறைகிறது.