மற்றவை என்ற கட்டம்

“மேடம், ஒரு கட்டத்த விட்டுட்டீங்க.”

சங்க அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது. ஆலோசகர்கள் சங்கத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வரும் விதிமுறை, சுற்றறிக்கை, படிவம் எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தருவது வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியிராது என்றுதான் இந்த வேலைக்கு வந்தாள். ஐந்தாவது வருடத்தில், உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும் மாதத்தில், ஆள் பற்றாக்குறை என்று ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வெளியே நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். தோள்பையைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்.

“எந்தக் கட்டம்?”

“சிறப்புத் துறை. எதுலயும் டிக் அடிக்கல.”

“விடலம்மா. அங்க எனக்கு இடம் இல்ல. நீயே சத்தமா படி பாப்போம்.”

“பள்ளி, குடும்பம், மறுவாழ்வு, தொழில் வழிகாட்டல், முதியோர், துக்கம், மற்றவை.”

“மறுவாழ்வுன்னா என்ன?”

“குடி, போதை… அதுலேர்ந்து மீண்டு வர்றவங்களுக்கு.”

“நான் பாக்குறது மெஷின்ல கை போனவங்கள. விரல் போனவங்கள. அவங்கள திரும்ப வேலைக்கு அனுப்புறது என் வேலை. அதுக்கும் மறுவாழ்வுன்னுதான் பேரு. என் பட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. இப்போ சொல்லு, எதுல டிக் அடிக்கட்டும்?”

“மற்றவை…ல?”

“இந்தப் படிவம் வந்த நாள்லேர்ந்து, நாலு வருஷமா அதுலதான் அடிக்கிறேன். யாரும்மா இந்தப் பட்டியல எழுதினது?”



“நான்தான் மேடம்.”

“அடிப்பாவி! வாயில்லாப் பூச்சி மாதிரி உக்காந்துக்கிட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கியே!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மற்றவைக்கு நேரே அழுத்தி ஒரு டிக் அடித்துப் படிவத்தை உள்ளே தள்ளினார். “இதுதான் கடைசி வருஷம். அடுத்த தடவ எனக்குன்னு ஒரு கட்டம் இருக்கணும்.”

அவர் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அலுவலகத்தில் அவரை ‘மற்றவை அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. அவள் எழுதிய பட்டியலில் மறுவாழ்வு, போதை மீட்பு என்று இரண்டு வரிகள் இருந்தன. ஆங்கிலத்திலும் இரண்டுதான். “ஒரே விஷயத்த எதுக்கு ரெண்டு தடவ எழுதியிருக்கே?” என்று சங்கச் செயலாளர் சிவப்பு மையால் இரண்டாவதை அடித்துவிட்டார். ‘மறுவாழ்வு மையம்’ என்ற பலகையைப் பார்த்தால் ஊரே குடியைத்தானே நினைக்கிறது? அவள் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. போதை மீட்பு ஆலோசகர்கள் எல்லோரும் மறுவாழ்வில் டிக் அடித்தார்கள். அதுவே அவர்களுடைய பிரிவாகிவிட்டது.

அடித்தது ஒரு வரி. அதன் விளைவு எங்கே போய் நின்றது என்பதை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தாள். மருத்துவமனை நிர்வாகம் சங்கத்துக்கு எழுதிய கடிதம் அவள் மேசைக்கு வந்தது. ஆலோசகர்களை இனிச் சங்கத்தின் பிரிவுவாரியாக அமர்த்தப்போகிறார்களாம். கை சிகிச்சை வார்டில் இருக்கும் மற்றவை அக்கா, பதவிப் பெயர் ‘மறுவாழ்வு ஆலோசகர்’ என்பதால், போதை சிகிச்சைக் கட்டடத்துக்கு மாற்றப்படுவார். அவர் அறை காலி செய்யப்படும். வருடாந்தரப் பொதுக்குழுவுக்கு ஐந்து வாரம் இருந்தது. புதுப் பிரிவு வேண்டுமென்றால் முப்பது உறுப்பினர்களின் கையெழுத்தும் பொதுக்குழுவில் பெரும்பான்மையும் வேண்டும்.

விதிமுறைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளே மருத்துவமனைக்குப் போனாள். தபாலில் அனுப்பியிருக்கலாம்.

அறை வாசலில் ஒரு பெஞ்சு. உள்ளே ஒரு மேசை. அதன் மேல் பூட்டு, இறுக்கமான மூடி போட்ட டப்பா, பித்தான் வைத்த சட்டை, மரப்பலகையில் பொருத்திய இரும்பு நெம்புகோல். கதவுக்கு மேலே ‘மறுவாழ்வு ஆலோசகர்’ என்ற பலகை.

வலது கையைப் பேன்ட் பைக்குள் வைத்திருந்த ஒரு இளைஞன் வந்தான். பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கூட வந்த அவன் அம்மா, “எம் பையன் ஒரு சொட்டு கூடத் தொட்டதில்லீங்க. தப்பா அனுப்பிட்டாங்க” என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

“நானும் தொட்டதில்லம்மா, உள்ள வாங்க” என்றார் ஆலோசகர். “பலகைய விடுங்க. அது எனக்கே புரியல.”

அவன் உட்கார்ந்தான். கையை வெளியே எடுக்கவில்லை. ஆலோசகர் கையைக் காட்டு என்றும் சொல்லவில்லை.

“தம்பி, காலைல மெஷின் முன்னாடி போய் நிக்கிறே. மொதல்ல எந்தக் கை நீளும்?”

“வலது.”

“எதுக்கு?”

“லீவர இழுக்க.”

“அப்ப இடது கை என்ன பண்ணும்?”

யோசித்தான். “சும்மாதான் இருக்கும்.”

“சும்மா இருக்கற ஒருத்தன் வீட்டுல இருந்தா என்ன பண்ணுவோம்? வேலைக்கு அனுப்புவோம். இந்த லீவர இழு.”

அவன் இடது கையால் இழுத்தான். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தான். மூன்றாவது முறை இழுக்கும்போது, மேசைமேல் இருந்த மரப்பலகையைப் பிடித்துக்கொள்ள அவன் வலது கை தானாகப் பையிலிருந்து வெளியே வந்தது. மூன்று விரல்கள் இல்லை. அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆலோசகர், லீவரின் உயரத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்தத் தொழிற்சாலைக்குப் போய் லீவரை இடப்பக்கம் மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டும்.

அவரும் ஒரு காலத்தில் தொழிற்சாலையில் இருந்தவர்தான். வருகைப் பதிவேடும் விபத்துப் பதிவேடும் எழுதுகிற வேலை. விபத்துப் பதிவேட்டின் கடைசிக் கட்டம் ‘வேலைக்குத் திரும்பிய தேதி’. பதினோரு வருடம் எழுதியதில் அந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. முப்பத்தாறு வயதில், பேருந்து ஓட்டும் கணவருக்கும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களுக்கும் சமைத்து வைத்துவிட்டு, தபால் வழியில் ஆலோசனைப் படிப்பு படித்தார். இப்போதெல்லாம் “வீட்டுல நான் எந்தப் பிரிவுடி?” என்று கணவர் கேட்டால், “நீங்களும் மற்றவைதான், பேசாம சாப்பிடுங்க” என்பாராம்.

கடிதத்தையும் விதியையும் அவள் காட்டிய அன்றே ஆலோசகரின் கையெழுத்து வேட்டை தொடங்கியது. வார்டு முடிந்ததும் பள்ளி பள்ளியாக, கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினார். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். யோசித்து முடித்துவிட்டீர்களா என்று மறுநாளே போய் நின்றார். யாரும் எதிர்பாராத கையெழுத்து, போதை மீட்பு ஆலோசகர்கள் நிறைந்த மறுவாழ்வுப் பிரிவின் தலைவருடையது. “உங்க ஆளுங்கள எங்க தலையில கட்டுறாங்க, எங்க ஆளுங்க உங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. உங்க பிரிவ நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க தாயே, புண்ணியமாப் போகும்!” என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டார். முப்பத்து நான்கு கையெழுத்து சேர்ந்தது.

பொதுக்குழுவில் செயலாளர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“மறுவாழ்வுன்னு ஒரு பிரிவு ஏற்கெனவே இருக்கு. மேடத்தோட பட்டமும் மறுவாழ்வுதான். இருக்கறதுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு? ஆளுக்கொரு பிரிவு கேட்டா, கடைசில பிரிவு மட்டும்தான் மிஞ்சும், சங்கம் இருக்காது.”

அரங்கம் சிரித்தது. ஆலோசகர் எழுந்தார். “கை போனவன் என் வாசலுக்கு வந்து, நான் குடிகாரன் இல்லன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போறான். அந்த ஒரு வார்த்தைய தாண்டி உள்ள வர அவனுக்குத் தெம்பு இல்ல. நான் சங்கத்தப் பிரிக்க வரல. அவன் உள்ள வரணும்.”

“அது பலகையோட பிரச்சினை. இங்கிலீஷ் மூலத்துல ஒரு துறைதான் இருக்கு” என்றார் செயலாளர்.

மூலையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்தாள். காலையிலிருந்தே அவள் கோப்புக்குள் ஒரு பழைய தாள் இருந்தது. எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

“ரெண்டு இருக்கு சார்.” குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “மூலத்துல ரெண்டு இருக்கு. நானும் ரெண்டுதான் எழுதினேன். இந்தத் தாள்ல ஒரு வரிய அடிச்சிருக்கு. அடிச்சப்போ நான் பேசல. அது என் தப்பு.”

இரண்டு மொழியிலும் பட்டியலைப் படித்தாள். சிவப்புக் கோடு போட்ட தாள் வரிசை வரிசையாகக் கை மாறிப் போனது. செயலாளர் அதை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “என் மைதான்” என்றார். அதற்கு மேல் அவர் எதிர்க்கவில்லை. ஓட்டெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக் கைகள் உயர்ந்தன.

பிரிவுக்கு என்ன பெயர் என்று கேட்டபோது ஆலோசகர் யோசிக்கவே இல்லை. அந்த விபத்துப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்திலிருந்து எடுத்தார்: வேலைக்குத் திரும்புவோர் பிரிவு.

மருத்துவமனை தன் பழைய உத்தரவைத் திருத்த நான்கு மாதமாயிற்று. அதுவரை அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். ஆலோசகர் போதைக் கட்டடத்துக்குப் போகவில்லை. மேசையைத் தூக்கி வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கு நடுவே ஆட்களைப் பார்த்தார். லீவரை இடப்பக்கம் மாற்றிக்கொண்ட இளைஞன் ஒரு நாள் வந்து, வேலைக்குத் திரும்பிய தேதியை அவர் நோட்டில் இடது கையால் தானே எழுதிவிட்டுப் போனான். பிறகு அறை திறந்தது, பலகை மாறியது.

அடுத்த வருடப் படிவம் அச்சுக்குப் போகும் முன், அவள் சரிபார்க்கும் தாளைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். அவருக்கான கட்டம் நான்காவதாக இருந்தது. பார்த்தார், தடவிப் பார்த்தார். பிறகு விரல் கீழே இறங்கியது.

“மற்றவை எங்கடி?”

“அதான் உங்களுக்குத் தனியா வந்துடுச்சேக்கா. அதுல டிக் அடிச்சது நீங்களும் இன்னும் மூணு பேரும்தான். எடுத்துடலாம்னு சார் சொன்னார்.”

“அந்த மூணு பேரு என்ன வேலை பாக்குறாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை.

அவர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தார்.

“திரும்ப எழுது. யார் அடிக்கச் சொன்னாலும் அடிக்க விடாத. அப்புறம் இன்னொண்ணு கேக்குறேன், எனக்காக செய். ஃபோன்ல பேசறதுன்னா உனக்கு ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும், வருஷா வருஷம் யாரெல்லாம் மற்றவைல டிக் அடிக்கிறாங்களோ, ஒவ்வொருத்தருக்கும் நீயே கூப்பிட்டு, நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு கேளும்மா.”