கருப்பர் சேவலின் வாலிறகு

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் விலங்கியல் கற்பித்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். ஆலங்குடிக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. கருப்பருக்கு நேர்ந்துவிட்ட சேவலைப் படையலன்று கையில் வாங்கி, கொண்டை, கண், கால், இறக்கை, வால் என ஒவ்வொன்றாகப் பார்த்து, "பழுதில்லை" என்று சொல்லும் பொறுப்பை ஊர் என்னிடம்தான் கொடுத்திருந்தது. நான் சொன்ன பிறகே பூசாரி சேவலைத் தொடுவார். என் சொல்லை ஒருவரும் ஒருமுறையும் மறுத்ததில்லை. சென்ற தை மாதம் வரை என் நிலை இதுதான்.

தையில் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் கடலை காயப்போட்டிருந்தார். என் ஆறு கோழிகளும் அதில் இறங்கிவிட்டன. சுவருக்கு மேல் தலையை நீட்டி அவர் கேட்டார்.

"ஏன் சார், ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக் குடுத்தீங்க. ஒங்க கோழிகளுக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

அன்று மாலையே நைலான் வலை வாங்கித் தென்னை மரத்தடியில் ஒரு மூலையை அடைத்துக் கோழிகளை உள்ளே விட்டேன். வேளைக்கு நொய்யும் கம்பும் குறைவில்லாமல் போட்டேன். ஆனால் கோழி என்பது நாள் முழுவதும் மண்ணைக் கிளறிக் கொத்திக்கொண்டே இருக்கும் பிராணி. கரையானும் வெட்டுக்கிளியும் தேடி அலைவதை நிறுத்திவிட்டால், வயிறு நிறைந்தாலும் அதன் அலகு ஓயாது. இதைப் பாடமாகவே நடத்தியவன், வலையைக் கட்டிய அன்று நினைத்துப் பார்க்கவில்லை. என் பிழை அவ்வளவே. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணின் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. அதற்காகக் கருப்பருக்கு நேர்ந்துவிட்ட செஞ்சேவல் ஒன்று அவர் வீட்டில் வளர்ந்தது. வால் அப்போதுதான் வளையத் தொடங்கியிருந்தது. நேர்ந்துவிட்ட சேவலை யாரும் விரட்டுவதில்லை. அது வலையைத் தாண்டி வந்து என் கோழிகளோடு மேய்ந்தது. நானும் விட்டுவைத்தேன்.

ஒருநாள் காலையில் அந்தக் காட்சியைக் கண்டேன். சேவல் தலையைத் தாழ்த்திக் கண்ணைச் செருகிக்கொண்டு, சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தவனைப் போல அசையாமல் நின்றது. என் புள்ளிக்கோழி அதன் வாலிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, அடிக்குருத்தில் ரத்தம் கசிய, அப்படியே விழுங்கியது. அடுத்த கோழி அடுத்த இறகைப் பிடுங்கியது. முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். ஒருமுறை ருசி கண்ட கோழி அதை விடாது. நான் ஓடிப் போய் விலக்குவதற்குள் வால் மொட்டையாகிவிட்டது.

சற்று நேரத்தில் அந்தப் பெண் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் தெருவே வந்தது.

"சாமி சேவல இப்படிப் பண்ணிட்டீங்களே சார். வெளக்கமாத்தால அடிச்சீங்களா, கையாலயே பிச்சீங்களா?"

"நான் தொடவே இல்லம்மா. கோழிகதான் பிடுங்கித் தின்னுச்சு."

"எறகையா?"

"ஆமா."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கங்க. கோழி எறகத் திங்குதாம். நாளைக்கு அது போட்ட முட்டைய அதுவே தின்னுச்சும்பாரு."

"அதையும் திங்கும்," என்றேன்.

தெரு முழுவதும் சிரித்தது. உண்மையைச் சொன்னதற்காக என் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள்.

மறுநாள் கோயில் பெரியவர்கள் மூவரை அழைத்து வலையருகே நிறுத்தினேன். வெகுநேரம் காக்கவைக்காமல் புள்ளிக்கோழி வெள்ளைக்கோழியின் கழுத்திறகைப் பிடுங்கி விழுங்கியது. மூவரும் கண்ணால் கண்டார்கள். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நெசந்தான் சார். பாவம், பசியில கெடக்குதுக. ரெண்டு கை கம்பு கூடப் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

உச்சிவேளைக்குள், சாமி சேவலை அடித்த வாத்தியார், கோழியைப் பட்டினி போடும் வாத்தியார் ஆனார். டீக்கடையில் நான் நுழைந்தாலே, "சாருக்கு ஒரு பன்னு குடுப்பா, வீட்டுல கோழிக்கும் சேத்து," என்று ஒரு குரல் எழும். அந்தக் கடைக்குப் போவதை விட்டேன். வலையையும் பிரித்தெறிந்தேன். கோழிகள் மறுபடி குப்பையும் கரையானும் தேடி அலைந்தன. சில வாரங்களில் இறகு தின்னும் பழக்கம் நின்றது. அதைப் பார்க்க மட்டும் எந்தப் பெரியவரும் வரவில்லை.

பழுதான சேவல் சாமிக்கு ஆகாது. அந்தப் பெண் வேறொரு சேவலை நேர்ந்தார். அது என் பக்கம் வந்துவிடக் கூடாதென்று, தம் மூன்று கோழிகளோடு சேர்த்து ஒரே பஞ்சாரக் கூடைக்குள் பகலெல்லாம் கவிழ்த்து வைத்தார். சுவரோரம் நின்று ஒருமுறை சொன்னேன்.

"சேவலத் தனியா வைம்மா. நெருக்கத்துல கொத்தும்."

"எங்க கோழி பட்டினியா கெடக்கு? சோறு போட்டுத்தான் வளக்குறோம் சார்."

நான் சுவரை விட்டு நகர்ந்தேன்.

வைகாசிப் படையலன்று பூசாரி வழக்கம்போல என்னை அழைத்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சேவலைக் கையில் வாங்கினேன். கொண்டை நன்று. கண் நன்று. கால், இறக்கை நன்று. வாலை விரித்தேன். அடியில் நான்கு இறகுகள் இருந்த இடம் வெறுங்குழியாக, ரத்தம் காய்ந்து கிடந்தது. "பழுதில்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அன்றே ஊர் மீண்டும் என்னைக் கும்பிட்டிருக்கும்.

"பழுது," என்றேன்.

"மனசுல வச்சிருந்து தீத்துட்டீங்களே சார்," என்று அந்தப் பெண் அழுதார். பூசாரி சேவலைத் திருப்பிக் கொடுத்தார். நான் தனியே வீடு திரும்பினேன்.

நான் பழிவாங்கியதாக இன்றும் ஊரில் சொல்கிறார்கள். நான் பழிவாங்கவில்லை. அந்தச் சேவலின் வாலில் நான்கு இறகுகள் இல்லை. அவற்றைத் தின்றவை அவர் வீட்டுக் கோழிகள். அவையும் பட்டினி கிடக்கவில்லை.