ஜமீலா டீச்சர் திருப்பாமல் விட்ட பலகை

அவலூர்பேட்டைக் கடலை மண்டியில் மல்லாட்டை விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு டீச்சரிடம் படிக்கும் அந்தோணியிடமிருந்து போன் வந்தது. “லைன்மேன் சார், டீச்சர் போய்ட்டாங்க” என்றான். சென்னையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால், “எப்ப வராங்களாம்?” என்று கேட்டேன். அவன் அழும் சத்தம் கேட்ட பிறகுதான் என் மரமண்டையில் ஏறியது. மூன்று நாள் காய்ச்சலாம். வயது நாற்பத்து நான்கு. அவனுக்கே சேதி தாமதமாகத்தான் தெரிந்ததாம்; நான் செஞ்சிக்கு வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

திண்டிவனம் ரோட்டு டயர் கடை மாடியில் ஜமீலா டீச்சரிடம் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீபோர்டு வாசிக்கக் கற்றுத்தர ஊரில் வேறு ஆட்கள் உண்டு. வாசித்ததை எழுதவும், எழுதியதைப் படிக்கவும், இந்தச் சுரத்துக்குப் பிறகு அந்தச் சுரம் ஏன் வருகிறது என்று புரியவைக்கவும் அவர் ஒருவர்தான் இருந்தார். அதிலும் ஆளுக்கொரு பாடம். கொத்தனார் மேஸ்திரிக்குச் செங்கல் வரிசையில் தாளம். தையல்கார அக்காவுக்கு இஞ்ச் டேப்பில் சுர இடைவெளி. கீழே கடையில் கம்ப்ரசர் அலறினால், “அது இன்னா சுரத்துல நிக்குது, சொல்லுங்க பாக்கலாம்” என்பார்.

கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவன் நான். அறுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேலி செய்தார்கள். அந்த வீம்பில்தான் போய்ச் சேர்ந்தேன். அரைச்சுரம் இறங்குவதை டீச்சர் ‘தாழ்’ என்பார். நம்ம ஊர் நாக்கில் ழகரம் எந்தக் காலத்தில் ஏறியது? அவர் சொன்னது எனக்குத் ‘தாள்’ என்றே கேட்டது. ஒவ்வொரு தடவையும் மரியாதையாக நோட்டில் தாளைத் திருப்பினேன். ஒரு மாதம் கழித்துத்தான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் எனக்குப் புது நோட்டு தந்தார். அதில் சுரம் இறங்கும் இடத்தில் எல்லாம் பக்கம் முடிந்திருந்தது. “தாளத் திருப்புங்க அண்ணா, தானா தாழ்ந்துடும்” என்றார். ஒரு பாட்டுக்கு நாற்பது பக்கம் ஆயிற்று. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு மறக்கவில்லை.

அந்தோணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அக்கா வீட்டில் ஒண்டியிருந்தான். வல்லத்துப் பக்கம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் வேலை இருந்தது. அது கிடைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் கனவு. அதற்கு, ஐந்து கோட்டில் எழுதிய சுரங்களைப் படிக்கும் தேர்வில் தேறவேண்டும். டீச்சர் ஒரு பலகையில் ஐந்து நூல்களை இழுத்துக் கட்டி, சுரங்களுக்குப் புளியங்கொட்டைகளை மெழுகால் ஒட்டித் தந்தார். மேசைமேல் வைத்தால் நம் பக்கமாக இருக்கும் கீழ்நூல்தான் முதல் நூல். மேலே போகப் போகச் சுரம் உயரும். அந்தோணியோ தூரத்து நூலிலிருந்து தன் பக்கமாக எண்ணினான். “ஒசந்த சத்தம் எங்கிட்ட வருது டீச்சர். தணிஞ்சது தூரமா போவுது” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கை காட்டி அடக்கினார். “உனக்கு அப்பிடித் தோணுதுன்னா அப்பிடியே படி. கடைசி பத்து பாடத்துல நான் திருப்பித் தந்துடறேன்.”

இரண்டு வருடம் தலைகீழாகவே படித்தான். எங்கள் எல்லோரையும் விட வேகமாகப் படித்தான். எப்படித் திருப்புவீர்கள் என்று டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன். “இப்ப சொன்னா நீங்க போயி அவங்கிட்ட ஒளறிடுவீங்க. உங்க வாய் எனக்குத் தெரியாதா அண்ணா?” என்றார். வற்புறுத்திக் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவர் போனபோது தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்தோணிக்காக அவர் எழுதி வந்த நோட்டை அவருடைய தங்கை தேடி எடுத்துத் தந்தார். கடைசிப் பத்துப் பாடங்களுக்கு எண் மட்டும் போட்டிருந்தது. மற்றபடி வெறும் பக்கங்கள். பலகையை அரைச்சுற்று சுற்றி வைத்தால் தீர்ந்தது என்று மேதாவி மாதிரி நான் சொன்னேன். சுற்றி வைத்தோம். நூல் சரியாயிற்று, பாட்டின் கடைசிச் சுரம் முதலில் வந்து நின்றது. நாலு நாள் மல்லுக்கட்டினோம். ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “நீ படிச்சதெல்லாம் தப்புடா. மொதல்ல அத்த மறந்துடு” என்று கத்தினேன்.

மறந்துவிட்டான். தலைகீழும் போயிற்று, நேரும் வரவில்லை. நூலில் விரலை வைப்பான், எடுப்பான். “இது மேலயா கீழயா சார்?” என்பான். தேர்வன்று காலை பஸ் ஸ்டாண்டில் அவனுக்காக நின்றேன். மூன்று பஸ் போயின. போன் செய்தால், “டென்ஷன் ஆவாதீங்க சார், நான் வூட்லதான் இருக்கறேன்” என்றான். இப்போது கீபோர்டையும் தொடுவதில்லை.

அவரிடம் படித்த உங்களிடம் என்னென்ன இருக்கிறதோ தெரியாது. என்னிடம் இருப்பது, காலம் கடந்து கவனித்த ஒரு விஷயம். நான் போய்வந்த அத்தனை நாளில் டீச்சர் யாரிடமும் ‘தப்பு’ என்று சொன்னதில்லை. அந்தோணி அந்த வார்த்தையை முதல்முதலாக என் வாயிலிருந்துதான் கேட்டான். போன வாரம் அவனைப் பார்க்கப் போனேன். “தப்புன்னு தெரிஞ்சேதான் ரெண்டு வருஷமா டீச்சர் என்னப் படிக்க வுட்டாங்களா சார்?” என்று கேட்டான். அப்படி இல்லையடா என்றேன். அவன் நம்பவில்லை. சாவு அவனிடம் விட்டுவைத்திருந்த டீச்சரையும் நான் பறித்துவிட்டேன்.