ஹார்ன் அக்கா வீட்டில் யாரும் கத்துவதில்லை

வண்டி ஹார்ன் விற்று, மாட்டி, ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால், அதைக் கடவுளின் குசும்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? நம் ஹார்ன் அக்காவுக்கு வந்தது. விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. மாதத்தில் பாதி நாள் இடது பொட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

பட்டறைத் தெருவில் அவள் கடை. "அக்கா, நான் வர்றது அடுத்த தெருவுக்கே கேக்கணும்" என்று லாரிக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவளும் ஹார்னை மாட்டி, அதன் வாய்க்கே காதைக் கொடுத்து, பாம் பாம் என்று அடித்துப் பார்த்து, திருகாணியைக் கொஞ்சம் திருகி மறுபடியும் அடிப்பாள். அதெல்லாம் அவளை ஒன்றும் செய்யாது. வீட்டுக்கு வந்தபிறகு யாராவது கரண்டியைக் கீழே வைத்தார்களோ, போச்சு! நெற்றி சுருங்கும், இடது கண் பாதி மூடும், குமட்டும். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் சுருண்டுவிடுவாள்.

"ஊர்க்காரன் ஹார்னெல்லாம் உனக்குத் தாலாட்டு. நான் தும்மினா மட்டும் தலைவலியா?" என்று புருஷன் ஒருநாள் கேட்டேவிட்டார். அதையும் குசுகுசுவென்றுதான் கேட்டார், பாவம்.

புருஷன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். பெரிய பெரிய அண்டாவில் மிளகாய் வதக்கி வதக்கி மூக்கு கெட்டுப்போன மனிதர். அவர் தும்மினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் வீட்டில் ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை. மூக்கு அரிக்க ஆரம்பித்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருமுனைவரை ஓடுவார். அங்கே நின்று ஆசை தீரத் தும்மிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், யாரோ இவரைத் துரத்துகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

மகள் குட்டி மூன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டவள் அவள்தான். நுனிக்காலில் நடப்பாள். அழும்போதுகூட வாயை மட்டும் திறந்துகொண்டு, சத்தத்தை விழுங்கிவிடுவாள். "எவ்வளவு அமைதியான பிள்ளை!" என்று பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். அக்காவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் அங்கேதான் கோட்டை விட்டாள்.

பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் குட்டிக்கு ஒரு வேடம் கிடைத்தது. ஒரே ஒரு வசனம். ஊரே தூங்கும்போது ஓடிவந்து, "வெள்ளம் வருது, எல்லாரும் எழுந்திரிங்க!" என்று கத்தவேண்டும். சேதியைக் கேட்ட அக்கா சந்தோஷம் தாங்காமல், "எங்கே, அம்மாவுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றாள்.

குட்டி நிமிர்ந்து நின்றாள். வாயைத் திறந்தாள். அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். "வெள்ளம் வருது" என்று, பக்கத்து வீட்டு ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இப்படிச் சொன்னா ஊரே முழுகிடும்டி."

"பள்ளிக்கூடத்துல நல்லா கத்துவேன்மா. டீச்சரே சொன்னாங்க." குட்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, நீ நாடகத்துக்கு வராதேம்மா. நீ வந்தா எனக்குக் கத்த வராது. உனக்கு வலிக்கும்ல?"

பெற்ற பிள்ளை மேடையேறுகிறது, பெற்றவள் பார்க்கக்கூடாதாம்! அன்றைக்கே அக்கா முடிவு செய்தாள். இந்தத் தலைவலியை ஒரு கை பார்த்துவிடுவது, நாடகத்தை உட்கார்ந்து பார்த்துவிடுவது.

அந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அக்குபங்சர் ஊசி குத்தி, குத்துவதற்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். துணைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு அக்கா போனாள். மனைவி பக்கத்தில் இருந்தால் குரலை உயர்த்தக்கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்ட பழக்கம். வரவேற்பில் இருந்த நர்சிடம் வந்த விஷயத்தைக் குசுகுசுத்தார். "என்னது?" என்றாள் அவள். இவர் இன்னும் பக்கத்தில் போய் இன்னும் மெல்லமாகக் குசுகுசுத்தார். "ஐயோ பாவம், தொண்டையா? அடுத்த கட்டடம் போங்க" என்று ஓர் ஆளையும் துணைக்கு அனுப்பிவைத்தாள். மறுக்கத் தெரியாத மனிதர் போய், டாக்டருக்கு வாயைத் திறந்து காட்டி, கொப்பளிக்கிற மருந்து பாட்டிலோடு திரும்பி வந்தார்.

படம் எடுக்கும் அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. அக்கா பாக்கெட்டைக் காலி செய்தாள். திருகாணி, வாஷர், ஃப்யூஸ், ஒரு ஸ்பேனர், முக்கால்வாசி ஒரு ஹார்ன். "அவ்வளவுதானாம்மா?" என்று படம் எடுப்பவர் கேட்டபோது, காதுக்குப் பின்னாலிருந்து இன்னொரு நட்டை எடுத்து வைத்தாள். உள்ளே மெஷின் டக் டக் டொர்ர்ர் என்று இரைந்தது. வெளியே வந்தவள், "தம்பி, உங்க மெஷின்ல உள்ள தகடு லூசா இருக்கு. கழட்டிக் கொடுங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணித் தரேன்" என்றாள். மெஷின் அப்படித்தான் சத்தம் போடும் என்பதை அவளுக்குப் புரியவைக்க அவருக்கு அதைவிட அதிக நேரமானது.

ஊசி டாக்டரம்மா நல்ல மாதிரி. தலைமுடி மாதிரி மெல்லிசான ஊசிகளைக் கட்டைவிரல் சந்தில், பொட்டில், பிடரியில், பாதத்தில் என்று குத்தினார்.

"தலைவலிக்குக் கால்ல எதுக்கு டாக்டரம்மா ஊசி?"

"ஹார்ன் பானெட்டுக்குள்ள இருக்கு. நீங்க அமுக்கிற பட்டன் எங்க இருக்கு?"

அக்கா மறு காலையும் தானாகவே நீட்டினாள்.

சில வாரங்களில் மாற்றம் தெரிந்தது. வலி அறவே போய்விட்டது என்று கதை விடமாட்டேன். வாரத்துக்கு மூன்று நாலு நாள் வந்தது ஒருநாளாகக் குறைந்தது, வந்த அன்றும் எழுந்து நடமாட முடிந்தது. இரண்டாவது தடவை படம் எடுத்தபிறகு டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"வாசல்ல கட்டியிருக்கிற நாய் திருடன் வந்தா குரைக்கணும். உங்க மூளையில இருக்கிற நாய் இலை விழுந்தாலும் குரைக்குது. குரைச்சுக் குரைச்சு மத்த நாயையும் கிளப்பி விடுது. ஊசி போட்ட பிறகு இந்த இடமும் அந்த இடமும் சேர்ந்து போடுற கூச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கு, பாருங்க."

"எங்க வீட்டுல மாதிரி குசுகுசுன்னு பேசிக்குதா?"

"அப்படியே வெச்சுக்கோங்க. ஆனா ஊசியாலதான் அடங்குச்சா, நல்லாகிடும்னு நீங்க நம்பினதால அடங்குச்சான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். அதுக்குத்தான் இத்தனை பேரைப் பாக்கிறோம்."

"எதுவா இருந்தாலும் அதுக்கு நான் கும்பிடு போட்டேன்னு சொல்லிடுங்க. அப்போ கடையில அடிக்கிற ஹார்ன் மட்டும் ஏன் வலிக்கலை?"

"அது நீங்களே அடிக்கிற சத்தம். வரப்போகுதுன்னு மூளைக்கு முன்னாடியே தெரியும், அதனால சும்மா இருக்குதோ என்னவோ. வலி இருக்கும்போது சத்தம் கேட்டா அது அதிகமாகத்தான் செய்யும். ஆனா இந்த நோய் சத்தத்தால வந்தது இல்லைங்க. நாயோட சுபாவமே அப்படி."

அக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

ஆண்டுவிழா நாளும் வந்தது. குட்டி கடைசிவரை, "வராதேம்மா" என்றுதான் சொன்னாள். இவள் கேட்பாளா? புருஷனின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் ஒரு தாட்டியான மனிதருக்குப் பின்னால் பதுங்கினாள். அவர் இடப்பக்கம் சாய்ந்தால் இவளும் இடப்பக்கம் சாய்ந்தாள். புருஷன் பாதித் தும்மலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கெட்ட நேரத்துக்கு, ஒலிபெருக்கி கீச்சிட்டபோதே அவளுக்கு இடது பொட்டில் விண்ணென்று தொடங்கிவிட்டது.

மேடையில் ஊர் தூங்கியது. குட்டி ஓடிவந்தாள். வாயைத் திறந்த அதே நொடியில், முன்னால் இருந்த தாட்டி மனிதர் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தார். அம்மாவும் மகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளம் வருது" என்றது குட்டியின் உதடு. சத்தம் வரவில்லை. தூங்கிய பிள்ளைகளில் ஒருவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கினான். குட்டியின் கண் நிறைந்தது.

அக்கா நாற்காலிமேல் ஏறி நின்றாள். தொப்பியைக் கழற்றி எறிந்தாள். வலியில் பொட்டு தெறிக்க, முகம் முழுக்கச் சிரிப்பை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரலில் கத்தினாள்:

"கத்துடி என் தங்கமே! கத்து!"

குட்டி கத்தினாள். ஐயோ, அது என்ன கத்தல்! மேடையில் தூங்கிய ஊர் உண்மையாகவே அலறிப் புடைத்து எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். புருஷனும் அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மனைவி காதுபட ஒரு தும்மல் போட்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது குட்டி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வலிக்குதாம்மா?"

பொய் சொல்லலாமா என்று அக்கா ஒரு கணம் நினைத்தாள். "வலிக்குதுடி" என்றாள்.

"நான் கத்தினதாலயா?"

"இல்லை. நீ கத்தறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. இது அம்மாவோட மண்டைக்குள்ளேயே இருக்கிறது. நீ பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு. உன்னால ஒருநாளும் வந்ததில்லை."

குட்டி மறுபடியும் நடக்கத் தொடங்கினாள்.

"நான் தட்டைக் கீழே போட்டு உடைச்ச அன்னிக்கு?"

"அன்னிக்கும் இல்லை."

"காய்ச்சல் வந்து ராத்திரியெல்லாம் அழுதப்போ?"

"அப்பவும் இல்லைடி."

"கதவை டமால்னு சாத்தினேனே, நீ ரெண்டு நாள் எழுந்திரிக்கவே இல்லையே, அப்போ?"

அக்கா அப்படியே தெருவில் மண்டியிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இல்லை கண்ணு, இல்லை" என்றாள். குட்டி விசும்பத் தொடங்கினாள். பிறகு வாய்விட்டு, ஓவென்று, தெருவே எட்டிப்பார்க்கும்படி அழுதாள்.