அந்தோனியாருக்கு நேர்ந்த இரண்டு முட்டை

அன்பானவர்களே, ஊர் ஊராகக் கல்யாணச் சமையல் செய்து திரிந்தவள் நான். ஐந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, என் இலையில் அரைக் கரண்டிச் சோறு வைக்கப் பயந்தேன். அந்தப் பயத்திலிருந்து ஆண்டவர் என்னை மீட்டதைச் சொல்கிறேன்.

பதினாறு வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் என்னை ‘அரிசி மூட்டை’ என்று சொல்லிப் போனார்கள். எங்கள் வீட்டுப் பலகாரத்தை முழுவதும் தின்றுவிட்டுத்தான் சொன்னார்கள். அன்று சோற்றைக் குறைத்தேன். பிறகு கூட்ட முடியவில்லை.

1966-ல் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டேன். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். எனக்கும் ஓரிடத்தில் கால் தரிக்காது. ஐந்தாம் வகுப்பையே மூன்று ஊரில் படித்தவள்.

மூன்று வருஷம் பிள்ளை இல்லை. மாதவிலக்கே நின்று போயிருந்தது. ஜெபத்தைக் கூட்டினேன். செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சகாயமாதாவுக்கு, வெள்ளி பாடுபட்ட ஆண்டவருக்கு, சனி சூசையப்பருக்கு என்று உபவாச நேர்ச்சை வைத்தேன். வெளியே பக்தி. உள்ளே, சாப்பிடாமல் இருக்க நான்கு நல்ல சாக்கு.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். அந்த வீட்டு ஆச்சி அடுப்படிக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏப்பா சவரி, நீ சமைச்சதை ஒன் பொண்டாட்டியே திங்கலயே, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக எப்படித் திம்பாக?”

“அவளுக்கு இன்னைக்கு உபவாசம் ஆச்சி.”

“நேத்தும் அதைத்தானப்பா சொன்ன?”

அந்த நேரம் பார்த்து மயங்கி விழுந்தேன். நல்லவேளை, குழம்புக்குள் விழவில்லை.

காரைக்குடியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். “கர்ப்பப்பையில கோளாறு இல்லம்மா. பட்டினி கெடந்தா, மாசாமாசம் வர வேண்டியதை ஒடம்பு நிறுத்திரும். ஒனக்கே பத்தாதப்ப இன்னொரு உசுருக்கு எங்குட்டுப் போறது? முட்டை, பால், மூணு வேளைச் சோறு. அதுதான் மருந்து.”

நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன். நேர்ச்சையை முறிக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் தப்பித்தேன் என்று நினைப்பு.

“நேர்ச்சையை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு,” என்றார் அவர். “செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு ரெண்டு முட்டை. புதன் மாதாவுக்கு நெய்ச்சோறு. சனிக்கிழமை சூசையப்பருக்குக் கறி. மத்த நாளும் மூணு வேளை.”

“வெள்ளிக்கிழமை, சாமி?”

“வெள்ளிக்கிழமை கறி கூடாது. மீன் தின்னு.”

கோயிலில் முழங்காலிட்டு அழுதேன். முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். “ஆண்டவரே, பிள்ளை அப்புறம். சோத்தைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. அதை எடுத்துவிடும்.”

பயம் ஒரே நாளில் போகவில்லை. முதல் முட்டைக்கு அரைமணி நேரம் ஆனது. சவரி எதிரே உட்கார்ந்து, “அந்தோனியார் காத்துக்கிட்டிருக்காரு, வெரசா முழுங்கு” என்றார். சோற்றுக்குப் பயந்ததைவிடப் புனிதருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தேன். விழுங்கினேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சாப்பிடப் பெலன் வந்தது. அது என் பெலன் அல்ல.

எட்டு மாதத்தில் மாதவிலக்கு திரும்பியது. சவரி பாயசமே வைத்துவிட்டார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

1971-ல் மகள் பிறந்தாள். ஆண்டவருக்கு நன்றி. இன்றும் சில நாள் அந்தப் பயம் எட்டிப் பார்க்கும். ஜெபித்துக்கொண்டே சோற்றைப் பிசைவேன்.

பிள்ளைக்காக உபவாசம் இருக்கும் சகோதரிகளே, உங்களில் யாருக்காவது சோற்றைக் கண்டு பயம் இருந்தால், அதை உபவாசம் என்று ஆண்டவரிடம் சொல்லாதீர்கள். பயம் என்றே சொல்லுங்கள். எனக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார்.