பொம்மை எப்படித் தலையாட்டியது?

எங்கள் வீட்டில் எல்லோரும் சினிமா பார்ப்பார்கள். அத்தை மட்டும் சினிமாவைக் காதால் கேட்பாள். அப்பாவின் கடைசித் தங்கை அவள். கந்தர்வக்கோட்டையில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு முந்திரிக்காடு, அதைத் தாண்டினால் டூரிங் கொட்டகை. முதல் ஆட்டம் தொடங்கிவிட்டால் கதாநாயகி மூக்கை உறிஞ்சுவதுகூட எங்கள் கொல்லைக்குக் கேட்கும். அவள் மூக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அத்தை கொட்டகைக்குப் போகக் கூடாது. கல்யாணமான வருஷமே மாமா அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். முதலில் கடிதம் வந்தது. பிறகு, கடிதம் போடுவதாக ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பினார். பிறகு அதுவும் நின்றது. புருஷன் அக்கரையில் இருக்கும்போது பெண்டாட்டி கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தால் ஊர் வாயை மூட முடியாது என்பது அப்பாவின் கட்சி. மாமா பினாங்கில் எந்தக் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாரோ, அதைப் பற்றி அப்பாவுக்கு அபிப்பிராயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது அந்தப் பொம்மைப் பேய்ப் படம் வந்தது. ஒரு தலையாட்டிப் பொம்மை. அதைச் செய்தவன் சாகும்போது சாபம் விட்டுவிட்டுப் போகிறான். யார் என்ன கேட்டாலும் பொம்மை ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையை ஆட்டும். ஆட்டினபடியே நடந்து தீரும். பெயர்தான் பேய்ப் படம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தப் படம் அத்தையைப் பாடாய்ப் படுத்தியது. பொம்மை பேசாது அல்லவா? கேள்வி காதில் விழும், பதில் விழாது. மற்ற பதில்களையெல்லாம் பின்னால் வரும் அலறலை வைத்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை. நடுவில் ஒரு பெண் வந்து, கப்பலேறிப் போன தன் புருஷன் திரும்பி வருவாரா என்று பொம்மையிடம் கேட்கிறாள். அப்புறம் சத்தமே இல்லை. திடீரென்று கொட்டகை முழுக்க ஒரே சிரிப்பு. அந்தப் பெண் அதற்குமேல் படத்தில் வருவதே இல்லை.

அந்த இடம் வந்தால் எங்கள் ஆட்டுக்கல் நின்றுவிடும். படம் ஓடிய நாளெல்லாம் எங்கள் வீட்டு தோசை திப்பிதிப்பியாகத்தான் இருந்தது.

படம் பார்த்த பெண்கள் தெருவில் எத்தனையோ பேர். அவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், நீ எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். ஆகவே நான். அம்மாவோடு நான் படத்துக்குக் கிளம்பிய அன்று அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டபடியே காதருகில் சொன்னாள்.

"ஏத்தா, அந்தப் பொம்பளை வந்து கேப்பால்ல, அந்த எடத்துல மட்டும் கண்ணைப் பொத்திராத. பொம்மை மேலயும் கீழயும் ஆட்டுதா, அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுதான்னு பாத்துட்டு வந்து எனக்கு மட்டும் சொல்லு."

பயந்து பயந்து விரலிடுக்கில்தான் படம் பார்த்தேன். ஆனால் அந்தப் பெண் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அவள் கேட்டாள். பொம்மை அவளையே பார்த்தது. அதன் கழுத்து லேசாக அசைந்தது. அவ்வளவுதான், ரீல் அறுந்து திரை வெளுத்துப் போயிற்று. ஒரே விசில். ஒட்டி மறுபடி ஓட்டியபோது பொம்மை வேறொரு வீட்டில் இருந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் முழுப் படத்தையும் நடித்துக் காட்டினேன். படம் பேஷ், பேய் சுமார் என்று தீர்ப்பும் சொன்னேன். எல்லோரும் எழுந்து போகும்வரை அத்தை காத்திருந்தாள்.

"அந்த எடம்?"

"அங்கனதான் அத்தை ரீலு அந்துபோச்சு."

அத்தை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "எந்தப் பக்கமா அசையப் பாத்துச்சு?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படம் 'இன்றே கடைசி' என்று ஆனபோது அம்மா அப்பாவிடம் வாதாடினாள். நாலு பொம்பளைகளோடு போய்வந்தால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்டாள். கடைசியில் அப்பா, "சரி, போயிட்டு வரட்டும்" என்றார். அத்தை கல்யாணப் பெட்டியிலிருந்து சேலை எடுத்துக் கட்டினாள். மல்லிகைப் பூ வைத்துக்கொண்டாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.

முந்திரிக்காட்டைப் பாதி தாண்டியிருப்போம். கொட்டகையில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அத்தை நின்றாள். தலையை வலிக்கிறது, நீங்கள் போங்கள் என்றாள். துணைக்கு வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். முறுக்கும் சோடாவும் போன துக்கத்தில் நான் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்தோம். அந்த இடம் நெருங்கியபோது அத்தை பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். இருந்த கோபத்துக்குக் கத்தினேன். "இன்னும் சத்தமா" என்றாள். தொண்டை கிழியச் சொல்லி முடித்தபோது கொட்டகையில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

படம் விட்டு வந்த அம்மா நேராக அத்தையிடம் வந்தாள். அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ! "இன்னைக்கு ரீலு அந்துபோகல. நல்லாப் பாத்தேன். அந்தப் பொம்மை..." என்று ஆரம்பித்தாள்.

அத்தை எழுந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். "வேணாம் அண்ணி. சொல்லாதீங்க."

அம்மா சொல்லவில்லை. பின்னாளில் நான் கேட்டபோதும், மறந்துபோயிற்று என்றுவிட்டாள்.

அன்றிரவெல்லாம் எனக்கு அத்தைமேல் கோபம் தீரவில்லை. தெரிந்துகொள்ள அப்படித் தவித்தவள், பதில் வாசல்வரை வந்த பிறகு வேண்டாம் என்கிறாளே, இது என்ன பைத்தியம் என்று நினைத்தேன். மறுநாளும் வழக்கம்போல் தபால்காரர் வரும் நேரத்துக்கு அத்தை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பொம்மை இல்லை என்று ஆட்டியதாகத் தெரிந்துபோயிருந்தால் அவள் எதற்காக முகம் கழுவுவாள் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.