பக்கத்து வீட்டு வரி மேப்பிள்

நோர்வேயின் ஹொல்ம்லியாவில் வரிசை வீடொன்றுக்கு நாங்கள் குடிபோன முதல் வசந்தத்தில், குடியிருப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்கும் 'டுக்னாட்' நாள் வந்தது. எங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வரவேண்டுமென்று என் கணவர் காலையிலேயே கையுறையோடு இறங்கிவிட்டார். மற்றவர்கள் கோப்பி குடித்துக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் இரும்புத் தகடொன்றால் நடைபாதைக் கற்களில் படிந்த பாசியைச் சுரண்டினார்.

பக்கத்து வீட்டுக் கிழவரின் வாசலருகே சின்ன மேப்பிள் மரமொன்று நின்றது. பச்சைப் பட்டையில் மேலிருந்து கீழாக வெள்ளை வரிகள். இவர் அதை நோயென்று நினைத்துவிட்டார். நான் குப்பைப் பையைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது மரத்தின் ஒரு பக்கம், முழங்காலிலிருந்து நெஞ்சு உயரம் வரை, பட்டையில்லாமல் ஈரமாகத் தெரிந்தது.

"பூஞ்சணம் பிடிச்சிருக்கப்பா. சுரண்டி விட்டனான்," என்றார் பெருமையாக.

கிழவர் வந்து பார்த்தார். இந்த மரத்தின் பட்டையே அப்படித்தான், அந்த வரிகளுக்காகத்தான் தேடி வாங்கி நட்டேன் என்று நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்று இவர் என்னைக் கேட்டார். எல்லோரும் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தமிழில் சொன்னேன். இவர் கையிலிருந்த தகட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்கு முகம் எரிந்தது.

அதற்குப் பிறகு இவர் ரயிலேறக் கிழவரின் வாசலைத் தவிர்த்துப் பின்பாதையால் சுற்றித்தான் போனார். நான் அந்தப் பக்கத்து யன்னல் திரையை விலக்குவதில்லை. மரம் சாகவில்லை. காயத்தின் ஓரம் தடித்து மண்ணிறமானது. அங்கே வரிகள் திரும்ப வரவில்லை.

அடுத்த டுக்னாட்டில், புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி மரத்துக்கு என்ன நடந்ததென்று கேட்டாள்.

"எல்க் மான்," என்றார் கிழவர், எங்கள் பக்கம் பார்க்காமல். "காட்டிலிருந்து வந்து கடித்துவிட்டது."

குளிர்காலத்தில் அந்தப் பெரிய மான்கள் வீடுகள் வரை வருவதுண்டு. அவள் நம்பிவிட்டாள். அவர் எங்களை ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இவர் விளக்குமாற்றைக் கீழே வைத்தார். தெரிந்த நோர்வேஜிய மொழியில், "எல்க் இல்லை. நான்," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். கிழவர் சிரிக்கவில்லை. இவருடைய தோளில் ஒருதரம் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நீங்கள் சொன்னது நல்லதுதான்," என்றேன்.

"கதையாதையும்," என்றார். சப்பாத்தைக் கழற்றாமல் மாடிப்படியிலேயே இருந்தார். "அந்த மனிசன் என்னாலை பொய் சொல்லவேண்டி வந்திட்டுதே."